குடல் ஆறியது, எடை ஏறிவிட்டது: இனி என்ன செய்வது?

34 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், வேலை எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

உயரம் 158 சென்டிமீட்டர். ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, கொத்துக்கொத்தாக முடி உதிர்வு என்று பல மருத்துவர்களிடம் அலைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இவருக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அப்போது எடை 44 கிலோ. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அன்றோடு விட்டார். ஓராண்டில் வயிறு சரியானது, எடை 55 கிலோ ஆனது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஏறிய எடை அங்கே நிற்கவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் 67 கிலோ. "நோய் என்கிறாய், பூசினாற்போல்தானே இருக்கிறாய்?" என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்களாம். காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்திருக்கிறார், குறையவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு துண்டு சாதாரண பிரட் சாப்பிட்டால் என்ன? போன மாதம் தெரியாமல் சாப்பிட்டபோது வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே. நோயாக இருந்தபோதாவது ஒல்லியாக இருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். 16 மணி நேர உண்ணாவிரதம் பற்றியும், எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்டிருக்கிறார். கடைசியாகத் தங்கையைப் பற்றி ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

"நோயாக இருந்தபோதாவது ஒல்லியாக இருந்தேன்" என்ற வரியைப் படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் சற்று நிறுத்திவிட்டேன். உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் அந்த 44 கிலோவை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்காதீர்கள். உங்கள் உயரத்துக்கு அப்போது உடல் நிறைக் குறியீடு 17.6. அது 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்றுதான் அர்த்தம். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போனதால் வந்த எடை அது.

நலமான சிறுகுடலின் உட்புறத்தை எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் வெல்வெட் துணி போல இருக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூர்ந்து பார்த்தால் குட்டி விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் நீரில் மெல்ல அசைவதுகூடத் தெரியும். நாம் சாப்பிடும் சத்தையெல்லாம் ரத்தத்துக்குள் வாங்கிக்கொடுப்பவை அவைதான். சீலியாக் நோயில், கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தாக்குகிறது. வெல்வெட் தேய்ந்து வழவழவென்றாகிவிடும், மடிப்புகளின் ஓரம் சிப்பி ஓடு போல வெட்டு வெட்டாகத் தெரியும். முதல்முறை பரிசோதித்தபோது உங்கள் குடலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது அந்த வெல்வெட் மறுபடி முளைத்து வருகிறது. நீங்கள் ஏறிய முதல் 11 கிலோவுக்கு அதுதான் காரணம். அதற்காக ஒருபோதும் வருந்த வேண்டாம்.

ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944–45-ல், நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே மெலிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமைமேல் ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்தார். இதைக் கண்டதும் அது உறுதிப்பட்டது. 1950-ல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். இன்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ஒரே சிகிச்சை அங்கிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு எடை ஏறியதைப் பார்த்து மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அடுத்த 12 கிலோவுக்கு வருவோம். அது வேறு கதை.

இரண்டாம் ஆண்டில் என்ன நடந்தது?

ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று தோராயமாகக் கணக்கிடுவார்கள். 12 கிலோவை 365 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளைக்கு 250 கலோரி கூடுதல். அவ்வளவுதான். நான்கைந்து பிஸ்கட். "நான் அப்படி ஒன்றும் அதிகமாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். நோய் முற்றியிருந்த காலத்தில் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரு பங்கு வீணாகத்தான் போயிருக்கும். அந்தப் பசிக்கும் அளவுக்கும் பழகிய கை இன்னும் அதே அளவைத்தான் தட்டில் எடுத்து வைக்கிறது. குடல் இப்போது ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொள்கிறது. அளவு மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

அப்புறம், நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம். பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் அரிசி மாவு, அடுத்து சர்க்கரை, பிறகு தாவர எண்ணெய், சோள ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச். 100 கிராமில் புரதம் 4 கிராம், நார்ச்சத்து 1 கிராம். எது அதிகமோ அதை முதலில் எழுதுவது லேபிள் வழக்கம். முன்பக்கத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று பச்சை எழுத்தில் இருப்பதால் அது நல்ல சாப்பாடு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் குடலைப் புண்ணாக்காது என்பது மட்டும்தான் அந்த எழுத்தின் பொருள். எடையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மாவைப் பிசையும்போது ஒட்டிப் பிடித்து, இழுத்தால் நீண்டு, உள்ளே காற்றைத் தாங்கி நிற்க வைப்பது குளூட்டன்தான். அதை எடுத்துவிட்டால் பிரட் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதை ஈடுகட்ட ஸ்டார்ச், கொழுப்பு, சர்க்கரை, கோந்து என்று பலதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவற்றில் புரதமும் நார்ச்சத்தும் குறைவு. சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறும், இறங்கும், மறுபடி பசிக்கும்.

இதற்கும் ஆழத்தில் இன்னொன்று இருக்கிறது. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறீர்கள். "பையில் எப்போதும் இரண்டு பாக்கெட் வைத்திருப்பேன், வெளியே எதையும் நம்பிச் சாப்பிட முடியாதே" என்ற வரி. அடுத்த வேளைக்கு நமக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு கிடைக்குமா என்று தெரியாதவர், கிடைக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவைப்பார். பசிக்காக அல்ல, பயத்துக்காக. சீலியாக் நோயுள்ள பலரிடம் இதைப் பார்க்கிறேன். விசேஷ வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு பாக்கெட்டை முழுதாக முடிப்பவர்கள் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எடையைக் குறைக்க வேண்டுமானால் கைவைக்க வேண்டிய முதல் இடம் இந்தப் பயம்தான். பையில் பிஸ்கட்டுக்குப் பதில் வறுத்த கடலை, அவித்த முட்டை, ஒரு பழம் என்று வையுங்கள். பை காலியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காலியான பைதான் அந்தப் பயத்தை வளர்க்கும்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு துண்டு"

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒரு துண்டு கோதுமை பிரட்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், குடல் ஆறியிருந்த சீலியாக் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கே குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் துண்டை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 285 மில்லிகிராம் வருகிறது. "குளூட்டன் இல்லாதது" என்று விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக அளவில் வரையறை வைத்திருப்பதன் காரணம் இப்போது புரியும்.

போன மாதம் தெரியாமல் சாப்பிட்டபோது வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். வயிறு அமைதியாக இருந்தது என்பதால் குடலும் அமைதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாமல், தற்செயலாகப் பரிசோதித்ததில் சீலியாக் நோய் தெரியவந்தவர்கள் ஏராளம். வெளியே சத்தமில்லாமல் உள்ளே தேய்ந்துகொண்டே போகும்.

அதைவிட முக்கியமானது: நீங்கள் நினைப்பதுபோல் அது எடையைக் குறைக்கவும் செய்யாது. சீலியாக் என்றால் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்ற எண்ணம் பழையது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே சரியான எடையோடோ, அதிக எடையோடோ இருப்பவர்கள் நிறைய. முதலில் அடிபடுவது சிறுகுடலின் மேல்பகுதி. இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் எல்லாம் அதிகமாக உள்ளே போவது அங்கேதான். கலோரியைக் கீழ்ப்பகுதி ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆகவே நீங்கள் மறுபடி குளூட்டன் சாப்பிட்டால் கொழுப்பு அப்படியே இருக்க, ரத்தமும் எலும்பும் கரையக்கூடும். தொடர்ந்து சாப்பிட்டால் எலும்புத் தேய்மானம், கருத்தரிப்பதில் சிக்கல், அரிதாகச் சிறுகுடல் புற்றுநோய் வரை போகும். முடி கொத்தாக உதிர்ந்த நாட்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே திரும்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டைக் குறைசொல்லும் முன் சில பரிசோதனைகள்

எட்டு மாதங்களுக்கு முன் சீலியாக் நோய்க்கான டிடிஜி ரத்தப் பரிசோதனை இயல்பாக வந்தது, வைட்டமின் டி குறைவாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு பற்றி ஒரு வரியும் இல்லை. அதை முதலில் பாருங்கள். சீலியாக் நோய் இருப்பவர்களுக்குத் தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. தைராய்டு மந்தமானால் எடை ஏறும், சோர்வு வரும், மலச்சிக்கல் வரும். கடிதத்தில் சோர்வைப் பற்றி மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். டிஎஸ்எச் என்ற எளிய ரத்தப் பரிசோதனை போதும்.

அதோடு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொழுப்பு அளவு, கல்லீரல் பரிசோதனை. குளூட்டனை விட்ட பிறகு எடை ஏறியவர்களில் சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். பல காலம் கால்சியம் சேராமல் இருந்த உடம்பு உங்களுடையது. டிடிஜி பரிசோதனையையும் ஒருமுறை திரும்பச் செய்துவிடலாம், தெரியாமல் குளூட்டன் எங்காவது உள்ளே போகிறதா என்று பார்க்க உதவும்.

வீட்டில் கோதுமை சாப்பிடுபவர்கள் இருந்தால், ஜாம் பாட்டிலை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்கள் பிரட்டில் தடவிய அதே கத்தியை மறுபடி உள்ளே விட்டிருந்தால் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னத் துகள் ஒட்டியிருக்கும். அந்தத் துகளே உங்களுக்குப் போதும். உங்களுக்கென்று தனி பாட்டில், தனி டோஸ்டர்.

சரி, எப்படிக் குறைப்பது?

முதலில் இலக்கை மாற்றுங்கள். 44 வேண்டாம். ஆறு மாதத்தில் 62 கிலோவுக்கு வந்தால் எனக்குத் திருப்தி. இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரை, கல்லீரல், மூட்டு எல்லாவற்றிலும் மாற்றம் தெரியும். பிறகு மெதுவாக 57, 58 வரை போகலாமா என்று பார்ப்போம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டாம். வேகமாக இறங்கினால் தசையும் எலும்பும் சேர்ந்து இறங்கும், அந்த இரண்டும் உங்களிடம் மிச்சம் பிடிக்க வேண்டியவை.

தட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் இதுதான்: "குளூட்டன் எடுக்கப்பட்ட" உணவுகளிலிருந்து, இயல்பிலேயே குளூட்டன் இல்லாத உணவுகளுக்கு மாறுவது. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், கோழி, தயிர், காய்கறி, பழம், கொட்டை வகைகள். இவற்றில் எதற்கும் பச்சை எழுத்து தேவையில்லை. தானியத்துக்கு அரிசி, சோளம், சிறுதானியங்கள். மாவாக வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை, கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்திருந்தால் கலப்படம் நிச்சயம். முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவி, வீட்டிலேயே அரைப்பது பாதுகாப்பு. ஓட்ஸ் சாப்பிட ஆசையென்றால் குளூட்டன் இல்லாதது என்று சான்று பெற்றதை மட்டும், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சமாக ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஓட்ஸில் உள்ள புரதமே ஒத்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதம், 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து. நார்ச்சத்தை ஒரே வாரத்தில் கூட்டினால் வயிறு உப்பும், உடனே "குளூட்டன் போய்விட்டதோ" என்று பயப்படுவீர்கள். மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே. பிஸ்கட்டை முற்றிலும் விட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், இரண்டே இரண்டு, தட்டில் எடுத்து வைத்துச் சாப்பிடுங்கள். பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட்டால் கணக்கு தெரியாது.

உடற்பயிற்சியில் நடை நல்லது, வாரத்துக்கு 150 நிமிடம். ஆனால் நடையோடு நிற்காதீர்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்த்த பிறகு, வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. தசை கூடும், எலும்புக்கும் பலம்.

உண்ணாவிரதமும் ஊசியும்

16 மணி நேர உண்ணாவிரதம் சீலியாக் நோய்க்கு எதிரி என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். காலையை விட்டுவிட்டு மாலை நான்கு மணிக்கு ஒரு பாக்கெட்டைக் காலி செய்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பட்டினியால் குறைந்த கலோரி அங்கே வட்டியோடு திரும்பிவிடுகிறது. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், மாலைப் பசி தானாக அடங்குவதைப் பார்ப்பீர்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, செமாகுளூடைட் போன்ற மருந்துகளை உடல் நிறைக் குறியீடு 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை இருந்தாலோ பரிந்துரைப்பது பொதுவான வழக்கம். உங்களுடையது 26.8. சாப்பாட்டை இன்னும் சரிசெய்தே பார்க்காத நிலையில் அதற்கு அவசரமில்லை. தவிர, அந்த மருந்தின் பக்கவிளைவுகள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. நாளைக்கு வயிறு கலங்கினால் அது மருந்தா, குளூட்டனா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பசி மிகவும் குறைந்து சத்துக்குறைவு வரும் ஆபத்தும் உண்டு. எப்போதாவது தேவைப்பட்டால் உங்கள் குடல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், நேராகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊரார் பேச்சைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். "மெலிந்து கிடந்தபோது நோய் என்று யாருக்கும் தெரியவில்லை, இப்போது தேறிவிட்டேன்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, சாப்பிட்டதும் குற்ற உணர்வு வருகிறது என்று எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரும்பாலான நாட்களில் இருந்தால் மனநல ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். எதைச் சாப்பிட்டாலும் யோசித்தே சாப்பிட வேண்டிய வாழ்க்கை மனதைச் சோர்வடையச் செய்யும், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

உங்கள் தங்கை

உங்களைப் பார்த்து, உடம்பு இளைக்க வேண்டும் என்று அவரும் அடுத்த மாதம் முதல் கோதுமையை நிறுத்தப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குளூட்டனை விட்டால் எடை குறையும் என்பதற்கு உங்கள் 67 கிலோவே பதில். அதைவிட அவசரமான விஷயம் வேறு. சீலியாக் நோய் குடும்பத்தில் ஓடும். உடன்பிறந்தவர்களுக்கு அது இருக்கும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும். அவருக்கு டிடிஜி, மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதத்தின் அளவு) இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் ரத்தத்திலும் குடலிலும் அதன் தடம் மறைந்துபோகும். அப்புறம் உறுதி செய்வதற்காகவே வாரக்கணக்கில் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டிவரும். அதனால் ரத்தம் கொடுத்து, முடிவு வந்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் முடியும்வரை அவர் வழக்கம்போல் கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும். இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள்.